குண்டு தேய்வது அடியால் மட்டுமா?

பால் மில்லில் (குண்டு ஆலையில்) இரும்புக் குண்டு தேய்வதற்கு அடியும் உராய்வுமே காரணம்; கடினமான குண்டைப் போட்டால் போதும், துரு ஒரு பொருட்டல்ல என்ற கருத்து தாது அரைக்கும் தொழிலில் பரவலாக உள்ளது. உலர்நிலையில் கிளிங்கர் அரைக்கும் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு இது பெருமளவு சரி. தண்ணீர் சேர்த்துத் தாது அரைக்கும் ஆலைகளுக்கு இது பொருந்தாது.

இக்கருத்துக்கு முதல் வாதம், வெளியே எடுத்த குண்டு பளபளவென்றிருக்கிறது என்பது. துரு குண்டில் தங்குவதில்லை என்பதையே அந்தப் பளபளப்பு காட்டுகிறது. ஒவ்வொரு மோதலிலும் ஆக்சைடு படலம் சுரண்டப்பட, புதிய உலோகம் நீருக்கும் ஆக்சிஜனுக்கும் இரையாகிறது. கரைந்த இரும்பு தாதுக்குழம்போடு போய்விடுகிறது.

இரண்டாவது, துரு மெதுவானது, அதற்குள் குண்டே தீர்ந்துவிடும் என்பது. ஆனால் பைரைட், சால்கோபைரைட் போன்ற சல்பைடு தாதுக்கள் மின்கடத்திகள். அவை இரும்பைத் தொட்டால் கேத்தோடாகின்றன; ஆனோடான இரும்பு விரைந்து கரைகிறது. தாதுவுக்கும் குண்டுக்கும் இடையிலான இந்த மின்வேதி வினையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் கே. ஏ. நடராஜன் விரிவாக ஆராய்ந்தார். ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் செலுத்தினால் தேய்மானம் குறைகிறது. அடி மாறாமல் வாயு மட்டும் மாறும்போது கிடைக்கும் இந்த வேறுபாடு அரிப்பின் பங்குதான்.

மூன்றாவது, கடினமே போதும் என்பது. அரைப்பு ஆய்வாளர் பாண்ட் வகுத்த சூத்திரங்களின்படி, சிராய்ப்பு எண் (abrasion index) 0.3 உள்ள தாதுவுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு ஈர ஆலையில் சுமார் 105 கிராம் இரும்பு தேயும். உலர் ஆலையில் சுமார் 12 கிராம்தான். உலர் ஆலையில் குண்டின் மேல் படியும் தூளும் காப்பாவதால், இவ்வளவு வேறுபாட்டையும் துருவின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கடினத்தைக் கொண்டு மட்டும் இதை விளக்கவும் முடியாது. குரோமியம் சேர்த்த குண்டிலும், அந்தக் குரோமியம் கார்பைடாகக் கட்டுண்டுவிட்டால் கடினம் மட்டுமே கூடும். அரிப்பைத் தடுக்க, அது உலோகத்தில் கரைந்தும் இருக்க வேண்டும்.

நான்காவது, நட்டம் குண்டின் விலையோடு முடிகிறது என்பது. ஆனால் கரைந்த இரும்பு ஹைட்ராக்சைடாகி ஈய, துத்தநாகத் தாதுத் துகள்கள் மேல் படிந்தால், தாதுவைப் பிரிக்கும் நுரைமிதப்பில் அவை சரியாக மிதப்பதில்லை.

துரு எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. கர்நாடகத்தில் 2001 வரை இயங்கிய கோலார் தங்கவயலில் தங்கம் பிரிக்கப் பயன்பட்டது சயனைடு முறை. அம்முறையில் நச்சு வாயு எழாதிருக்கக் குழம்பில் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அந்தக் காரத்தன்மை எஃகின் அரிப்பையும் அடக்குகிறது. எனவே குண்டைத் தேர்ந்தெடுக்கக் கடின அளவோடு, தாதுவின் சல்பைடு, நீரின் பிஎச், உப்பு, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றையும் அளந்தாக வேண்டும்.