ஹீட்டர் மட்டும் போதுமா?

காலை நேரத்தில் வேலி மேல் ஓணான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சோம்பேறி அல்ல. வெயில் காய்கிறது! நம் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஓணான், பல்லி, பாம்பு போன்றவற்றால் அப்படி முடியாது. குளிர்ந்தால் வெயிலுக்கு வர வேண்டும். சுட்டால் நிழலுக்கு ஓட வேண்டும்.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் கடுங்குளிர் அடித்தது. மரங்களில் இருந்து இக்குவானா ஓணான்கள் விழக்கூடும் என்று மயாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரித்தது. குளிரில் உடம்பு விறைத்து, அவற்றின் பிடி நழுவிவிடும் என்பதுதான் காரணம்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர் வீட்டில் பாம்பு வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் கார்ன் பாம்பு, ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் ஆகிய இரண்டும் அங்கே பிரபலம். இரண்டுக்கும் விஷம் கிடையாது. கூட்டைச் சூடாக்க ஹீட்டரும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஹீட்டர் மட்டும் போதாது என்பதே என் கருத்து. அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியும் வேண்டும். அதை வாங்க முடியாதவர்கள் பாம்பு வாங்கவே கூடாது!

'காட்டில் தெர்மோஸ்டாட்டா இருக்கிறது?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! காட்டில் பாம்பு தனக்குப் பிடித்த இடத்துக்குத் தானே நகர்ந்து போகும். கண்ணாடிப் பெட்டிக்குள் அது எங்கே போகும்? அந்த வசதியைப் பறித்தவர்கள் நாம். திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களும் நாம்தான்.

அதனால் கூட்டின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்க வேண்டும். கார்ன் பாம்புக்கு அங்கே சுமார் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும். பால் பைத்தானுக்கு 31 முதல் 33 டிகிரி வேண்டும். மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடமும் தேவை. சூடு குறைந்தால் பாம்புக்கு இரை செரிக்காது, விழுங்கியதைக் கக்கிவிடும். சளி பிடித்து மூச்சுவிடவும் சிரமப்படும்.

சூடு மிஞ்சினால் ஆபத்து இன்னும் அதிகம். பால் பைத்தானின் உதட்டில் சிறு குழிகள் உண்டு. இருட்டில்கூட எலியின் உடல் சூட்டை அவற்றால் உணர்ந்துவிடும். அப்படிப்பட்ட பாம்பே, வயிற்றுக்கு அடியில் சுடும்போது சில சமயம் விலகாமல் படுத்திருந்து புண்ணாகிவிடுகிறது! மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறைகளை நல்ல வளர்ப்பாளர்கள் ஒதுக்குவது இதனால்தான். விளக்கு வைத்தால், பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளாதபடி கம்பி வலை போட வேண்டும்.

வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை! தெர்மோஸ்டாட்டுக்கு வெப்பத்தை அளக்கும் ஒரு முனை உண்டு. பாம்பு அதைத் தள்ளிக் குளிர்ந்த பக்கம் போட்டுவிட்டால், கருவி ஏமாந்துபோய் ஹீட்டரை மேலும் மேலும் சூடாக்கும். எனவே தினமும் இரு பக்கமும் வெப்பமானி பார்க்க வேண்டும். ஒயர், பிளக் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் பெரியவர்களின் வேலை.

இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயது நிரம்பாதவர்களுக்கு வளர்ப்புப் பிராணிகளை விற்கக் கூடாது. இது சரியான சட்டம் என்பேன். சிறுவர்களுக்கு அன்பு இல்லை என்பதால் அல்ல. கார்ன் பாம்பு 15, 20 வருடம் வாழும். ஆறாம் வகுப்பில் வாங்கினால், நீங்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் போன பிறகு யார் வெப்பமானி பார்ப்பது?

நம் நாட்டில் நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்றவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை தங்கள் வெயிலையும் நிழலையும் தாங்களே தேடிக்கொள்ளட்டும். பார்க்க ஆசையா? சென்னை கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போய் வாருங்கள்.

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? அதில் ஹீட்டர் இருந்தால், இன்றே அப்பாவையோ அம்மாவையோ அழைத்துத் தண்ணீரின் வெப்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மீனால் கேட்க முடியாது. அதற்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்!