தாழிக்குள் தாத்தாவை வைத்தார்களா?

முதுமக்கள் தாழி என்றதும் நம்மூரில் ஒரு கதை கிளம்பும். அந்தக் காலத்தில் சாவு லேசில் வராதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கி, மாடக்குழியில் தூக்கி உட்கார வைக்கிற அளவுக்கு ஆகிவிடுவார்களாம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதும் பெரிய பானைக்குள் இறக்கி, கொஞ்சம் சோறு, தண்ணீர், ஒரு விளக்கு வைத்து, உயிரோடு மூடிப் புதைத்துவிடுவார்களாம். பாட்டிமார் சொன்னவரை இது கதை. இன்று யூடியூபிலும், பள்ளிச் சுற்றுலாவில் தாழி முன்னால் நிற்கும் பிள்ளைகளிடமும் இதுவே வரலாறாகச் சொல்லப்படுகிறது. உடம்பு சுருங்குவதை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே நம்பும் படித்தவர்களும் நிறைய. அவர்கள் காரணங்களும் வைத்திருக்கிறார்கள்.

முதலில் பெயர். முதுமக்கள் என்றால் கிழவர்கள்தானே என்பார்கள். முன்னோரும் முதுமக்கள்தான். தவிர, புதைத்தவர்கள் யாரும் தாழிமேல் இந்தப் பெயரைப் பொறித்து வைக்கவில்லை. பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

உள்ளே பல நேரங்களில் முழு உடம்பே இருப்பதில்லை. ஒரு மண்டையோடு, தொடையெலும்பும் கையெலும்புமாகச் சில நீள எலும்புகள், சில தாழிகளில் அதுவும் இல்லாமல் வெறும் மண்ணும் சிறு கலயங்களும். உடம்பு தாழிக்குள்ளேயே மட்கியிருந்தால் விரலெலும்பும் பாதத்துச் சிற்றெலும்பும் அடியில் உதிர்ந்து கிடக்க வேண்டும். முதுகெலும்புக் கணுக்கள் ஓரளவேனும் வரிசையாக நிற்க வேண்டும். தேர்ந்தெடுத்த எலும்புகள் மட்டும் கட்டாக அடுக்கியிருந்தால், உடம்பு வேறெங்கோ சதை கழிந்து, பிறகு எலும்பு பொறுக்கி எடுத்து வரப்பட்டிருக்கிறது என்று பொருள். இதை இரண்டாம் நிலை அடக்கம் என்கிறார்கள். நமக்கு இது அந்நியமான சமாசாரமும் அல்ல. தகனத்துக்கு மறுநாள் காடாற்றப் போய், பால் தெளித்து, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் போடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. இலங்கையின் பொம்பரிப்பில் ஒரே தாழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. உயிரோடு ஒரு கிழவரை உட்கார வைத்த பானையில் இன்னொருவரின் எலும்பு எப்படி வந்தது?

'முழு எலும்புக்கூடே உட்கார்ந்த நிலையில் கிடைத்திருக்கிறதே' என்பது அடுத்த காரணம். கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1899 முதல் தோண்டிய அலெக்சாந்தர் ரீ காலத்திலும், 2004-05இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை 150க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொண்டு வந்தபோதும், முழங்கால் மடங்கிக் குந்திய எலும்புக்கூடுகள் இருந்தன. உருண்டைப் பானைக்குள் ஒரு முழு உடம்பை வேறெப்படி வைக்க முடியும்? விறைத்த உடம்பும் ஓரிரு நாளில் தளர்ந்து மடக்க வரும். உட்கார வைத்துப் புதைப்பது உயிரோடு புதைப்பதற்கு அடையாளம் என்றால், இறந்தவரை இன்றும் உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்யும் வீரசைவர்களை என்ன சொல்வது? துறவிகளுக்குச் சமாதி வைப்பதும் அப்படித்தான்.

இவர்கள் பெரிதும் நம்பியிருப்பது சாப்பாட்டை. தாழிக்குள்ளும் சுற்றிலும் கறுப்பு-சிவப்புக் கிண்ணங்கள், மூடிகள், சின்னக் கலயங்கள் இருக்கின்றன; சாகும்வரை சாப்பிட வைத்ததுதான் என்கிறார்கள். ஆனால் கலயங்களில் எஞ்சியிருந்தது என்ன? ஆதிச்சநல்லூரில் ரீ கண்டது நெல் உமியும் சிறுதானிய உமியும். சிவகளையில் ஒரு தாழியிலிருந்து எடுத்த நெல் உமியைச் சோதித்துத்தான் கி.மு. 1155 என்ற காலத்தை 2021இல் அறிவித்தார்கள். சோறு வைத்திருந்தால் எப்போதோ மட்கிப் போயிருக்கும் என்பது சரி. உமி இருக்கிறதென்றால் வைத்தது குத்தாத நெல் என்றாகிறது. பல்லுப்போன கிழவருக்கு இருட்டுப் பானைக்குள் குத்தாத நெல்லைக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்களா? அதோடு வாளும் ஈட்டியும் எதற்கு? ஆதிச்சநல்லூரில் இரும்பு ஆயுதங்கள் மட்டுமல்ல, வெண்கலப் பாத்திரங்களும், நெற்றியில் கட்டும் பட்டம் போன்ற மெல்லிய பொன் தகடுகளும் இருந்தன. பராமரிக்க முடியாமல் கைவிட்ட ஆளுக்கு யாரும் பொற்பட்டம் கட்டி அனுப்ப மாட்டார்கள். இறந்தவருக்கு வாய்க்கரிசி போட்டு, நெற்றியில் காசு வைக்கிற நமக்கு இது புரியாமல் போவதுதான் ஆச்சரியம்.

வயது விஷயத்துக்கு வருவோம். கதைப்படி புதைகாடு முழுக்கக் கிழவர்களாக இருக்க வேண்டும். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் 2020இல் தோண்டியபோது அதே புதைகாட்டில் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. மகாராட்டிரத்தில் புனே அருகே இனாம்காவ்ன் என்ற செம்புக்கால ஊரில் இறந்த குழந்தைகளை இரண்டு பானைகளின் வாயோடு வாய் பொருத்தி, வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்திருக்கிறார்கள். அங்கே நான்கு கால் வைத்த மண் தாழி ஒன்றில் மடங்கி உட்கார்ந்திருந்தவருக்கு வயது நாற்பதுக்குப் பக்கம். ஊர்த்தலைவராக இருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் வேறு மக்கள், வேறு காலம், வழக்கமும் அப்படியே இதல்ல. ஆனாலும் பானைக்குள் எலும்பு என்றாலே கிழவர் என்று பாய்வதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எலும்பு போதாதென்றால் இலக்கியம் இருக்கிறது. புறநானூற்றின் 228ஆம் பாட்டு, சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது தாழி வனையும் குயவரை நோக்கிப் பாடியது. 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள், தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்லிக் குயவரைக் கேட்கிறாள். ஒருவர் மன்னர், இன்னொருவர் ஒரு பெண்ணின் துணை. மணிமேகலை இறந்தோரை அனுப்பும் முறைகளைச் சொல்லும்போது சுடுவது, புதைப்பது ஆகியவற்றோடு தாழியையும் ஒன்றாக வைக்கிறது. முதியோரைத் தள்ளிவிடும் இடமாகத் தாழி இவற்றில் எங்கும் வரவில்லை.

தலைக்கூத்தலைக் கொண்டுவந்து இணைப்பவர்களும் உண்டு. தென்மாவட்டங்களில் நோயில் கிடக்கும் முதியோருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாவை வரவழைக்கும் கொடுமை உண்மைதான். 'அதுதான் தாழியின் தொடர்ச்சி' என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. தாழி வழக்கொழிந்ததற்கும் இந்தச் செய்திகளுக்கும் நடுவில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கல்வெட்டோ பாட்டோ யாரும் காட்டவில்லை. கொலைக்கு மூவாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் கட்டிக்கொடுத்தால், செய்கிறவர்களுக்கு அது சாக்காகத்தான் போகும்.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஏர் ஓட்டும்போதும் செம்மண் வெட்டும்போதும் ஆளுயரப் பானையும் உள்ளே எலும்பும் வந்தால் எவருக்கும் ஒரு விளக்கம் தேவைப்படும். எலும்பு பொறுக்கிப் புதைப்பது மறந்துபோன காலத்தில், கண்டவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 2023 முதல் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று, தோண்டிய குழிக்குள்ளேயே தாழிகளைப் பார்க்க முடிகிறது. சில குழிகளைப் பாறையைக் குடைந்து வெட்டியிருக்கிறார்கள். இரும்புக் கருவியை வைத்துக்கொண்டு பாறையில் குழி வெட்டி, அதற்கேற்ற பானையைச் சூளையில் சுட்டு, அதை உடையாமல் சுமந்து வந்து இறக்க எத்தனை பேர், எத்தனை நாள் வேண்டும்? சோறு போட மனமில்லாத குடும்பம் செய்கிற வேலையா இது?

உயிரோடு வைக்கப்பட்ட ஒருவர்கூட இருந்ததில்லை என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. வைக்கும்போது மூச்சு இருந்ததா என்று எலும்பு நேரடியாகச் சொல்லாது. ஆனால் வழக்கம் என்று சொல்பவர்கள்தான் வழக்கத்தைக் காட்ட வேண்டும். ஒரே புதைகாட்டில் தாழிக்குத் தாழி முதியவர்கள் மட்டும், எலும்பு கலையாத முழுக்கூடாக, வாளோ பொன்னோ இல்லாமல், குத்திய தானியத்தோடு கிடைக்கட்டும். அன்றைக்கு இந்த வாதத்தை மறுபடி எடுத்துப் பேசலாம்.