செக்ரோலும் பள்ளி டாப்பும்

பள்ளிக்கூடங்களும் சமூக நிலையங்களும் நம் பிள்ளைகளுக்காக வகுப்புகள் நடத்துகின்றன. துணைப்பாடம், விளையாட்டு, நடனம், விடுமுறைப் பயிற்சி என்று பட்டியல் நீளமாகவே இருக்கிறது. ஆண்டறிக்கையில் இத்தனை பேர் பதிந்தார்கள் என்று ஒரு தொகை அச்சாகிறது. நாமும் கை தட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். பதிந்தவர்களில் கடைசி வாரம்வரை வந்தவர் எத்தனை பேர் என்று கேட்பாரில்லை.

பால் வெட்டும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டோரில் வாளியை நிறுத்தவுடன் கணக்கு முடிந்துவிடுமா? மெட்ரோலாக்கை இறக்கி, பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பிறகல்லவா கூலி! நூறு ராத்தல் பாலில் ரப்பர் சுமார் முப்பது, நாற்பது ராத்தல்தான்; மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். நம் பாலை இவ்வளவு கறாராக அளக்கிற உலகம், நம் பிள்ளைகளின் கணக்கை மட்டும் வாளியோடு நிறுத்திக்கொள்வானேன்?

ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை. படிப்பில் நாட்டமில்லை என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். கிராணியாக இருந்த நம் தோழர் ஒரு மாதத்துப் பள்ளி டாப்பை வாங்கி, தம் செக்ரோலுக்குப் பக்கத்தில் விரித்துத் தேதி தேதியாக ஒத்துப் பார்த்தார். மழையால் வெட்டு நின்ற நாட்களிலெல்லாம் அந்தச் சிறுமி பள்ளியில் ஆஜர்! தாய் பெரட்டுக்குப் போன நாட்களில் ஆப்சென்ட். விசாரித்ததில், ஆயாக் கொட்டகைக்கு ஆயா இல்லாமல் சில மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு வயதுத் தம்பியை வைத்துக்கொண்டு லயத்தில் இருந்தாள் அவள். சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஆயாவை வரவழைத்தது. பெண் பள்ளிக்கு வந்தாள்.

ஒரு டாப்பு மட்டும் இருந்தபோது அது அந்தக் குழந்தைமேல் குற்றப்பத்திரிகையாக இருந்தது. இரண்டாவது டாப்பு வந்ததும் உண்மை வெளிவந்தது. இன்று கணினியில் ‘தரவுப் பகுப்பாய்வு’ என்று பெரிய பெயரில் செய்வதும் அடிப்படையில் இதுதான். கிராணிமார்கள் அந்தப் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

கிராஞ்சியிலிருந்து இதை எழுதுகிறோம். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இந்த வட்டாரத்தில் இன்று நீர்த்தேக்கமும் தொழிற்கூடங்களும் தொழிலாளர் விடுதிகளும்தான். ஆனால் கேள்வி மாறவில்லை. சிங்கப்பூரில் 1991ஆம் ஆண்டு சிண்டா அமைந்ததே, இந்திய மாணவர்கள் குறிப்பாகக் கணிதத்தில் பின்தங்கியிருப்பதைத் தேர்ச்சிக் கணக்குகள் காட்டியதால்தான். அதன் நிதிக்கு இந்தியத் தொழிலாளர் சம்பளத்திலிருந்து, வருமானத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை பிடிக்கப்படுகிறது. வெள்ளி கொடுக்கிறவர் கணக்கும் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பள்ளிக்கு நெடுநாள் வராத பிள்ளைகளைக் கவனிக்க அரசாங்கமே 2018இல் ‘அப்லிஃப்ட்’ பணிக்குழுவை அமைத்ததே!

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1956இல் காமராசர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. முன்னும் பின்னும் வருகையை ஒப்பிட்ட மாநிலத் திட்டக் குழு, 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை உயர்ந்ததாகக் கண்டது. மகிழ்ச்சி. ஆனால் நம்மைக் கேட்டால், மீதி 224 பள்ளிகளுக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவோம். சோறு போட்டும் பிள்ளை வரவில்லையென்றால், அங்கே வேறு ஏதோ தடுக்கிறது.

எண் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் அச்சமும் உண்டு. அது நியாயமான அச்சம். மாணவர் தொகை குறைந்துகொண்டே வந்து, சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதை மறக்க முடியுமா? ஐந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தாலே வருகை நூற்றுக்கு இருபது விழுந்ததாகக் கணக்குச் சொல்லும். அதைக் காட்டி வகுப்பை நிறுத்துகிறவன் கணக்கும் அறியான், பிள்ளையும் அறியான். யார் வீட்டில் வறுமை என்ற விவரத்தை வகுப்பில் உரக்கப் படிப்பதும் கூடாது. அப்படி ஒரு முறை நடந்தால் அந்தப் பிள்ளை மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டாது.

ஆகவே நம் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்துப் பள்ளியில் கேளுங்கள்: வகுப்பு எந்த நேரத்தில்? அந்த நேரத்தில் தாய் தந்தை எங்கே? கடைசி பஸ் எப்போது? எந்த வாரத்தில் பிள்ளைகள் குறையத் தொடங்கினார்கள்? பெயர்களை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் குறித்து, ஷிப்ட் பட்டியலையோ செக்ரோலையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக் கணக்கு போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில் சந்தாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை விரித்து வையுங்கள். தாய்மார்களையும் அழைத்து வாருங்கள். பிள்ளை ஏன் வரவில்லை என்று டாப்புக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.