எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது? மாணவர் மரணமும் பல்கலைக்கழகத்தின் கடமையும்

உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் தலித் அல்லது பழங்குடி மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தால், அடுத்த சில மணி நேரத்தில் நிர்வாகம் என்ன செய்யும் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. இரங்கல் அறிக்கை வெளியாகும். வளாகத்தின் வாயிற்கதவுகள் அடைக்கப்படும். உள்விசாரணைக் குழு அறிவிக்கப்படும். அந்தக் குழு கூடுவதற்கு முன்பே, இறந்தவர் படிப்பில் பின்தங்கியிருந்தார், மன அழுத்தத்தில் இருந்தார், வீட்டில் ஏதோ சிக்கல் என்ற தகவல்கள் பெயர் சொல்ல விரும்பாத அதிகாரிகள் வழியாகப் பத்திரிகைகளைச் சென்றடையும்.

ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் நிர்வாகத்திடம் இருவகைக் கோப்புகள் உண்டு. ஒன்றில் அவருடைய மதிப்பெண்கள், சேர்க்கைப் பிரிவு, சாதிச் சான்றிதழ், வருகைப் பதிவு ஆகியவை இருக்கும். மற்றதில் அவர் அளித்த புகார்கள், அவர் எழுதிய கடிதங்கள், அவருக்கு எதிராகப் பிறப்பிக்கப்பட்ட ஆணைகள், வழங்கப்படாத உதவித்தொகையின் கணக்கு ஆகியவை இருக்கும். முதற்கோப்பு மாணவரைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது கோப்பு நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறது. மரணம் நிகழ்ந்தவுடன் திறக்கப்படுவது எப்போதும் முதற்கோப்புதான். இரண்டாவதைத் திறப்பதே பல்கலைக்கழகத்தின் முதற்கடமை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹைதராபாத்: 30 நாட்கள்

ரோகித் வெமுலாவின் வழக்கை நாம் திரும்பத் திரும்ப நினைவுகூர்வதற்கு அஞ்சலி மட்டும் காரணமன்று. அந்த இரண்டாவது கோப்பில் என்னென்ன இருக்கக்கூடும் என்பதை அது போலத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை.

2015 ஆகஸ்ட் மாதம் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தினருக்கும் ஏபிவிபி நிர்வாகி ஒருவருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. அதே மாதம் மத்திய இணை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ஸ்மிருதி இரானிக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்து நினைவூட்டல்கள் வந்தன. டிசம்பரில் ரோகித் உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்தும் வளாகத்தின் பொது இடங்களிலிருந்தும் விலக்கப்பட்டனர். டிசம்பர் 18 அன்று ரோகித் துணைவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். தலித் மாணவர்கள் இந்த வளாகத்தில் கண்ணியத்துடன் வாழ வழியில்லையென்றால் அவர்கள் சாவதற்காவது வசதி செய்து தாருங்கள் என்ற பொருள்படக் கசப்பும் எள்ளலும் கலந்து எழுதப்பட்ட கடிதம் அது. 2016 ஜனவரி தொடக்கத்தில் ஐவரும் விடுதியை விட்டு வெளியேறி, வளாகத்திலேயே 'வெளிவாடா' என்று பெயரிட்ட கொட்டகையில் தங்கினர். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியைக் குறிக்கும் தெலுங்குச் சொல் அது. ஜனவரி 17 அன்று ரோகித் இறந்தார்.

கடிதத்துக்கும் மரணத்துக்கும் இடையே 30 நாட்கள் இருந்தன. ஒரு மாணவர் சாவைப் பற்றித் தலைமை நிர்வாகிக்கே எழுதிவிட்ட பிறகு, எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல இயலாது. இன்னொரு தொகையும் அக்கோப்பில் இருந்தது. ஏழு மாத உதவித்தொகையான 1,75,000 ரூபாய் தமக்கு வரவேண்டியுள்ளது என்றும், அதைத் தம் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுமாறும் ரோகித் தம் இறுதிக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்.

வாரக்கணக்கில் மாணவர்கள் வெட்டவெளியில் கிடந்து போராடியும் மாற்றப்படாத அந்த விலக்கல் ஆணை, மரணத்துக்குப் பின் நான்கே நாட்களில், ஜனவரி 21 அன்று, திரும்பப் பெறப்பட்டது. அப்படியானால் அதைத் திரும்பப் பெறும் அதிகாரம் நிர்வாகத்திடம் முன்பும் இருந்தது. 'நிறுவனப் படுகொலை' என்று நம் இயக்கங்கள் சொல்வதன் பொருள் இதுவே. தனியொரு கொலையாளியைச் சுட்டும் சொல் அன்று அது. தடுக்கும் அதிகாரம் பெற்றிருந்தவர்கள் எந்தெந்த நாளில் எந்தெந்தக் காகிதத்தில் கையொப்பமிட்டார்கள் என்று கேட்கும் சொல்.

அந்த வளாகத்துக்கு இது முதல் மரணமும் அன்று. 2008இல் சேலம் மாவட்டத்திலிருந்து சென்று அங்கு இயற்பியலில் ஆய்வு மேற்கொண்டிருந்த செந்தில்குமார் என்ற தலித் மாணவர், நெறியாளர் ஒதுக்கப்படாத நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை ஆராயப் பல்கலைக்கழகமே அமைத்த குழு, விதிகளில் இருந்த தெளிவின்மை தலித், பழங்குடி மாணவர்களைப் பாதிப்பதைச் சுட்டிக்காட்டியது. அக்குழு எழுதியது நிர்வாகத்தின் கையில் இருந்தும், எட்டு ஆண்டுகளுக்குப் பின் ரோகித் இறந்தார்.

சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும்

ரோகித்தின் மரணத்துக்குப் பின் நடந்த விசாரணைகள் எத்திசையில் திரும்பின? மத்திய அரசு அமைத்த நீதிபதி ரூபன்வால் ஆணையம், ரோகித்தின் தாய் ராதிகா வெமுலா தலித் அல்லர் என்றும், மரணத்துக்கு நிர்வாகம் பொறுப்பன்று என்றும் கூறியது. தாம் மாலா சமூகத்தைச் சேர்ந்தவர் என்று ராதிகா தொடர்ந்து சொல்லிவந்தார். 2024இல் தெலங்கானா காவல்துறை தாக்கல் செய்த வழக்கு முடிப்பு அறிக்கையும், அவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்ற கருத்தையே முன்வைத்தது. எதிர்ப்பு எழுந்தபின், மேலும் விசாரிக்கப்படும் என்று காவல்துறைத் தலைமை அறிவிக்க நேர்ந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதை முடிவுசெய்யச் சாதி முக்கியம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விலக்கல் ஆணை நியாயமானதா, உதவித்தொகை ஏன் வரவில்லை, டிசம்பர் 18ஆம் நாள் கடிதத்துக்கு என்ன பதில் தரப்பட்டது ஆகிய கேள்விகளுக்கு விடை காண ஒரு தாயின் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் மீது எழுந்த கேள்வி, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் பிறப்பின் மீதான கேள்வியாக மாற்றப்பட்டது. முதற்கோப்பு மட்டுமே திறக்கப்படும்போது நேர்வது இதுதான்.

மும்பை ஐஐடியில் 2023 பிப்ரவரி 12 அன்று முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். நிறுவனத்தின் பேராசிரியர் ஒருவர் தலைமையில் அமைந்த 12 பேர் கொண்ட குழு, நேரடியான சாதிப் பாகுபாட்டுக்குச் சான்றில்லை என்று சொன்னது; படிப்பில் அவருடைய நிலை சரிந்துவந்ததைக் காரணமாகக் குறிப்பிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் மாணவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், சக மாணவரிடம் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்பது முறையன்று என்று அறிவுறுத்தப்பட்டது. சாதியைத் துருவி அறியும் முயற்சியாக அது ஆகிவிடும் என்பதே காரணம். நல்ல அறிவுரைதான். உயிரோடிருக்கும் மாணவரிடம் மதிப்பெண்ணைக் கேட்பது இழுக்கு என்றால், இறந்தவரின் மதிப்பெண்ணை ஊரறியச் செய்வது எவ்வகையில் முறையாகும்?

மதிப்பெண் சரிவை ஒரு காரணமாகச் சொல்வோர், அந்தச் சரிவுக்குக் காரணம் என்ன என்ற அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. பேச்சுத் துணையின்மை, இடஒதுக்கீட்டை முன்வைத்த ஏளனம், ஆங்கிலத்தின் சுமை ஆகியவற்றின் விளைவாகவும் மதிப்பெண் சரியலாம். விளைவையே காரணமாக எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விடையின்படி, 2014 முதல் 2021 வரை ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்கள் முதலிய மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் பிற்படுத்தப்பட்டோர். ஒவ்வொருவரையும் தனித்தனி மனச்சிக்கலாகக் கணக்கெழுதி முடித்துவிடும் எண்ணிக்கை அன்று இது.

சட்டம் என்ன சொல்கிறது?

யுஜிசி 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். அவ்விதிமுறைகளை நடைமுறைப்படுத்தக் கோரி 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றவர்கள் இரு தாய்மார்கள்: ஒருவர் ராதிகா வெமுலா, மற்றவர், அவ்வாண்டு மே மாதம் மும்பையில் இறந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் தாய் அபேதா தட்வி. அந்த வழக்கில், எத்தனை நிறுவனங்களில் சமவாய்ப்பு மையம் இருக்கிறது, எத்தனை புகார்கள் வந்தன என்ற விவரத்தைத் திரட்டித் தரும்படி 2025 ஜனவரியில் நீதிமன்றம் யுஜிசியைக் கேட்டது. விதிமுறை வந்து 12 ஆண்டுகள் கழிந்த பின்பும் நீதிமன்றமே கேட்டு வாங்க வேண்டிய நிலையில் அந்த விவரம் இருந்தது.

2023இல் டெல்லி ஐஐடியில் இரு தலித் மாணவர்கள் இறந்தனர். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கே அவர்களுடைய பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. 2025 மார்ச் 24 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு வழக்குப் பதிய உத்தரவிட்டது. வளாகத்தில் தற்கொலை போன்ற நிகழ்வு நேர்ந்தால் உடனடியாகக் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்வது நிறுவனத்தின் கடமை என்றும் தெளிவுபடுத்தியது. மாணவர் தற்கொலைகளைத் தடுக்கும் வழிகளை ஆராய நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

இவற்றின் அடிப்படையில், ஒரு பல்கலைக்கழகத்திடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மரணச் செய்தியைப் பெற்றோருக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் அவர்கள் அறிந்த மொழியில் நேரில் அல்லது தொலைபேசியில் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி சொல்லி அவர்கள் அறியக் கூடாது. அவர்கள் வந்துசேரும் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். அவர்கள் வரும்வரை உடற்கூறாய்விலோ அடக்கத்திலோ அவசரம் காட்டக் கூடாது. காவல்துறைக்கு அன்றே எழுத்து வழியாகத் தெரிவிக்க வேண்டும். சாதி சார்ந்த புகார் இருப்பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும்.

அன்றே இரண்டாவது கோப்பு முத்திரையிடப்பட வேண்டும். புகார்கள், மின்னஞ்சல்கள், விடுதி ஆணைகள், நெறியாளரின் குறிப்புகள், உதவித்தொகைக் கணக்கு, கண்காணிப்புக் கேமராப் பதிவு ஆகிய அனைத்தின் பட்டியலும் குடும்பத்திடம் தரப்பட வேண்டும். புகாரில் பெயர் இடம்பெற்றவர்கள் விசாரணை முடியும்வரை முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஹைதராபாத்தில் விடுப்பில் சென்ற துணைவேந்தர் 2016 மார்ச் 22 அன்று பணிக்குத் திரும்பினார். எதிர்த்த மாணவர்களும் இரு ஆசிரியர்களும் அன்று கைதாயினர். துயரத்தில் இருப்பவர்களைக் குற்றவாளிகளாக்கும் வளாகத்தில் எவரும் சாட்சி சொல்ல முன்வரமாட்டார்கள்.

விசாரணைக் குழு நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அதில் தலித், பழங்குடிச் சமூகத்தவரும், மனநல வல்லுநரும், குடும்பம் முன்மொழியும் ஒருவரும் இருக்க வேண்டும். அறிக்கைக்குக் காலக்கெடு வேண்டும்; அது வெளியிடப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் காத்திராமல், இறந்தவருக்குச் சேர வேண்டிய உதவித்தொகையைக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும். அது கருணைத் தொகை அன்று, கடன். அத்துடன், நிலுவையிலுள்ள மற்ற மாணவர்களின் புகார்கள் அனைத்தையும் அந்த வாரமே எடுத்துப் பார்க்க வேண்டும். இறந்தவரைப் போன்றே எழுதிவிட்டுக் காத்திருக்கும் இன்னொருவர் அங்கே இருக்கக்கூடும்.

நிர்வாகத்தின் மறுமொழிகள்

எழுத்து வடிவில் புகார் வரவில்லை என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி. நெறியாளரின் ஒரு கையொப்பத்தில் பட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது எந்த மாணவர் எழுதுவார்? எழுதிய ரோகித்துக்கு நேர்ந்ததையும் நாம் அறிவோம். மனநல ஆலோசகரை நியமித்திருக்கிறோம் என்பது மற்றொரு மறுமொழி. ஆலோசகர் வேண்டும்தான், தலித், பழங்குடி மாணவர்களின் வாழ்வை அறிந்த ஆலோசகர் இன்னும் வேண்டும். ஆனால் நிறுத்தப்பட்ட உதவித்தொகையை அவரால் விடுவிக்க முடியாது; விடுதிக் கதவைத் திறந்துவிடவும் முடியாது. அந்த அதிகாரம் உள்ளவர்கள் தம் பொறுப்பை அவருடைய அறைக்கு அனுப்பிவிடக் கூடாது.

மாணவ இயக்கங்களுக்கு இங்கே உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. அரசு, மத்தியப் பல்கலைக்கழகங்கள் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. உங்கள் வளாகத்தில் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் யார், கடந்த ஐந்தாண்டுகளில் வந்த புகார்கள் எத்தனை, தீர்வு கண்டவை எத்தனை, எத்தனை பேருக்கு எத்தனை மாத உதவித்தொகை நிலுவையில் உள்ளது என்ற நான்கு கேள்விகளை இந்தக் கல்வியாண்டிலேயே கேட்டு விண்ணப்பியுங்கள். வரும் விடையைத் துறைதோறும் படித்துக் காட்டுங்கள். அந்தக் கோப்பைத் திறப்பதற்கு இன்னொரு மரணம் நேரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.