பணம் இருந்தால் போதுமா?

அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளோருக்கான வில்லோபுரூக் காப்பகத்தின் அவலத்துக்கு நிதிப் பற்றாக்குறைதான் காரணம்; பணமும் ஆட்களும் இருந்தால் பெரிய காப்பகமே பாதுகாப்பு என்று சிலர் வாதிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரலாறுதான் ஒத்துவரவில்லை.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 4,000 பேருக்கெனக் கட்டிய அந்த அரசுக் காப்பகத்தில் 1960களில் 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு உணவூட்டக் கிடைத்தது சராசரியாக மூன்றே நிமிடம். விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி. இதற்குப் பணமில்லை என்று சாக்குச் சொல்லலாம், சரி. அதே வளாகத்தில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கல்லீரல் அழற்சிக் கிருமியைக் கொடுத்து நடந்த ஆய்வுக்கு என்ன சாக்கு? அந்தத் தனிப்பிரிவில் ஆட்களுக்கும் வசதிக்கும் குறைவில்லையே! காப்பகம் நிரம்பிக் கதவடைத்த காலத்தில், ஆய்வுப் பிரிவில் மட்டும் இடமுண்டு என்று பெற்றோரிடம் சொன்னார்கள். இதற்குப் பெயர் சம்மதமா?

அங்கே அடைபட்டிருந்த பெர்னார்ட் கராபெல்லோவுக்கு இருந்தது பெருமூளை வாதம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று தவறாக முத்திரை குத்தி மூன்று வயதில் உள்ளே தள்ளினார்கள். வெளியே வர 18 ஆண்டுகள் ஆயின. பூட்டிய இடத்தில் தவறைத் தட்டிக்கேட்க ஆளேது? 1972இல் தொலைக்காட்சி நிருபர் ஹெரால்டோ ரிவேரா உள்ளே நுழையவே, வேலையிழந்த மருத்துவர் ஒருவர் தந்த சாவி தேவைப்பட்டது.

‘எங்களுக்குப் பின் யார்?’ என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஊருக்குள் சிறு வீடுகளும் துணையாட்களுமே அதற்கு விடை. வில்லோபுரூக் வழக்கில் 1975இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு அந்த வழியைத் திறந்தது; 1987இல் வில்லோபுரூக் மூடப்பட்டது. அரசிடம் தாராளமாகப் பணம் கேளுங்கள், அந்த வீடுகளுக்காக. இன்னொரு மதிலுக்குக் காலணாகூடக் கேட்காதீர்கள்.