அட்டவணையின் 21-ஆவது இனம்

மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954-இன் இறுதியில் ஓர் அட்டவணை உண்டு. எந்தெந்த நோய்களையும் நிலைகளையும் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரப்படுத்தக் கூடாது என்பதன் பட்டியல் அது. அதில் 21-ஆவது இனம் 'பெண்ணின் மார்பக வடிவமும் அமைப்பும்'. ஆங்கில அகரவரிசை அதனை வலிப்புக்கும் பித்தப்பைக் கற்களுக்கும் நடுவே அமர்த்திவிட்டது. போலித் தைலங்களிடமிருந்து பெண்களைக் காப்பதே சட்டத்தின் நோக்கம். தில்லியின் ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில், 1959 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கினாலும், இத்தகைய விளம்பரங்களுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்றே கூறியது. ஆயினும் உடலின் ஒரு வடிவம் நோய்ப் பட்டியலில் ஏறியது ஏறியதுதான்.

இன்றைய தலைநகரில் தைலத்தின் இடத்தை அழகு அறுவை சிகிச்சை பிடித்துக்கொண்டுள்ளது. அதன் சொற்கள் நயமானவை: 'திருத்தம்', 'மீட்பு', 'தாய்மைக்குப் பிந்தைய சீரமைப்பு'. திருத்தம் என்றால் பிழை ஒன்று முன்பே இருந்திருக்க வேண்டும். பொருண்மையியலில் இதனை முன்னனுமானம் என்பர். வாக்கியத்தை மறுத்தாலும் அது அழிவதில்லை. 'எனக்குத் திருத்தம் வேண்டாம்' என்று சொல்லும் பெண்ணும் பிழையை ஏற்றுக்கொண்டே பேசுகிறாள். அறுவை மேசையில் நேரும் ஆபத்துகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு வெகு முன்னரே, முதற்சொல்லிலேயே நேர்ந்துவிடும் இந்த ஆபத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நேர்மையான அறுவை மருத்துவர் தரும் அறிவுரை பெரும்பாலும் வாக்குறுதிகளைக் குறைப்பதாகவே இருக்கும். மார்பகத்துக்குள் தசை இல்லை. தோலும், 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்ட்லி கூப்பர் விவரித்த நார்த்திசுக்களுமே அதனைத் தாங்குகின்றன. ஆகவே உடற்பயிற்சி அடியிலுள்ள மார்புத் தசையை வலுப்படுத்துமேயன்றி மார்பகத்தை உயர்த்தாது. உள்ளாடை அணிந்திருக்கும் வரை தாங்கும். தொய்வை நிரந்தரமாகத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதன் தாங்குதிறன் முதன்மையாக விலாவைச் சுற்றும் பட்டையில் உள்ளது. தோள்வார் சதையில் பதிந்து தழும்பாகிறது என்றால் அளவு தவறு என்று பொருள். தமிழ்நாட்டுக் கடைகளில் தணிந்த குரலில் 'பாடி' என்று கேட்டு, அளந்து பார்க்காமலே வாங்கிவரும் வழக்கம் இத்தவற்றை ஆயுள் முழுவதும் நீட்டித்துவிடுகிறது.

தாய்ப்பால் குறித்த அச்சம் இதனினும் கொடியது. பாலூட்டினால் வடிவம் கெடும் என்பது படித்த குடும்பங்களிலும் நிலவும் நம்பிக்கை. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் பிரையன் ரிங்கரும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதனை மறுத்தது. வயது, உடற்பருமன், கருவுற்ற முறைகளின் எண்ணிக்கை, புகைபிடித்தல் ஆகியவை தொய்வுடன் தொடர்புற்றிருந்தன. பாலூட்டுதல் அவ்வாறு இல்லை. ஒரு பொய்யான காரணம் குழந்தையின் உணவைப் பறிக்கக்கூடும் என்பதால் இதனை உரக்கச் சொல்லும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு.

அறுவை எல்லாமே வீண் என்பதன்று. மிகைப் பருமனால் கழுத்தும் முதுகும் ஓயாது வலிக்கும் பெண்ணுக்கு மார்பகக் குறைப்பு ஒரு நிவாரணம். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பக அறுவை அறிவிக்கப்பட்டபோது எழுந்த ஏளனம், வலிக்கும் அழகுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைக் காணத் தவறியது. உயர்த்தும் அறுவையோ தழும்பின்றி நிகழாது. மீண்டும் கருவுற்றாலோ எடை மாறினாலோ பயன் குறையும். புகைபிடிப்பவருக்கு முலைக்காம்பின் இரத்த ஓட்டமே பாதிக்கப்படலாம். சிலிகான் பொதிகள் ஆயுட்காலப் பொருள்கள் அல்ல. அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்பு தெரியவந்ததால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில், அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் தன் சொரசொரப்பான பயோசெல் பொதிகளை உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது. 2021-இல் அந்நிர்வாகம் ஒவ்வோர் ஆபத்தையும் நோயாளி தனித்தனியே படித்துக் கையொப்பமிடும் சரிபார்ப்புப் பட்டியலையும் கட்டாயமாக்கியது.

கத்தியைப் பிடிப்பவர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. பொது அறுவைப் பட்டத்துக்கு மேல் ஒட்டறுவையில் எம்.சி.எச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரே இத்துறையில் முழுப் பயிற்சி உடையவர். தில்லியிலுள்ள தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது அழகு சிகிச்சைகளுக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே அறிவிக்க நேர்ந்தது. அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்பட்டதே நிலைமையைக் காட்டுகிறது.

தில்லிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு, ஒப்புதலுக்கு முன் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டியவற்றை வகுத்தது: சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், பெரிய ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரும் விளைவு. தமிழும் மைதிலியும் வங்காளமும் பேசும் பெண்கள் வாழும் நகரில் ஆங்கிலப் படிவம் ஒன்று இத்தனையையும் செய்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. படிவம் அவரவர் மொழியில், முன்பணம் கேட்பதற்கு முன்பே கையில் தரப்பட வேண்டும். இறுதியில் உள்ள 'மறுத்தால் நேரும் விளைவு' முதல் வரிக்கு வர வேண்டும். வலியோ நோயோ இன்றித் தொய்வுக்காக மட்டுமே வந்த பெண் அங்கே காண வேண்டிய விடை: 'உடல்நலத்துக்கு ஒரு தீங்கும் இல்லை.'