நிவாரணமும் மதமும்: அடுத்த நிலநடுக்கத்துக்கு முன் வகுக்க வேண்டிய எல்லைக்கோடு

கிட்வாய் நகர் (புது தில்லி): கடந்த 2025 பிப்ரவரி 17 அன்று அதிகாலை 5.36 மணிக்குத் தில்லியை உலுக்கிய நிலநடுக்கம் 4.0 ரிக்டர் அளவிலானது. பெரிய சேதம் ஏதுமில்லை. ஆயினும் அதன் மையம் இமயமலையிலோ, தொலைதூர இந்துகுஷ் மலைத்தொடரிலோ இல்லை. தலைநகருக்கு உள்ளேயே, தௌலா குவான் பகுதியில், பூமிக்கு அடியில் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிட்வாய் நகரின் அரசு ஊழியர் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பலத்த இரைச்சலுடன் வந்த அதிர்வில் விழித்தெழுந்தனர்.

நிலநடுக்க அபாய வரைபடத்தில் தில்லி நான்காவது மண்டலத்தில் நெடுங்காலமாக வைக்கப்பட்டுள்ள நகரம். பேரிடர் நிகழ்ந்தால் முதலில் வருவது யார் என்ற கேள்வி இங்கு வெறும் கற்பனை அல்ல. தேசியப் பேரிடர் மீட்புப் படை வரும், ராணுவம் வரும். அவற்றுடன் குருத்வாராக்களின் சமையற்கூடங்கள், சேவா பாரதி தொண்டர்கள், ஜமியத் உலமா அமைப்பினர், திருச்சபைகளின் நிவாரணப் பிரிவுகள் என மத அடிப்படையிலான அமைப்புகளும் வரும். இவற்றுள் கிறிஸ்தவ அமைப்புகளின் பணியே ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பின்னரும் கடும் சர்ச்சைக்கு உள்ளாகிறது. பசித்தவனுக்குச் சோறு கொடுப்பது தொண்டா, தூண்டிலா என்பதே அந்தச் சர்ச்சையின் சாரம்.

இந்தக் கேள்விக்குக் கொடுப்பவரின் மதத்தைப் பார்த்து விடை கூற முடியாது. பெறுபவர் எந்தச் சூழலில் பெறுகிறார் என்பதைப் பார்த்தே கூற முடியும். கடந்த கால அனுபவங்கள் காட்டுவது இதைத்தான்.

பழைய விவாதம்

பேரிடரும் மதமும் இந்தியாவில் புதிதாகச் சந்தித்துக்கொள்ளவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவத்தைத் தழுவினர். இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் அப்போது நிவாரணப் பணியில் முன்னின்றார். அவ்வாறு சேர்ந்தவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று ஏளனம் செய்தோர் உண்டு. சாதிக் கொடுமையிலிருந்து விடுபட அம்மக்கள் தாமாகத் தேடிக்கொண்ட வழி அது என்று வாதிட்டோரும் உண்டு. ஒரே நிகழ்வு இருவிதமாகப் படிக்கப்பட்டது. இன்றும் அப்படியே படிக்கப்படுகிறது.

1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஒன்பது நாள்கள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய மகாத்மா காந்தி, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையாக அதைக் குறிப்பிட்டார். இயற்கை நிகழ்வுக்கு இவ்வாறு அறநெறி விளக்கம் கூறுவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது என ரவீந்திரநாத் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். துயரத்துக்குப் பொருள் தேடும் மனநிலை எல்லா மதத்தினருக்கும் பொதுவானது என்பதற்கு இது சான்று.

அதே பேரிடரில் வேறொரு காட்சியும் உண்டு. 1904-இல் கேம்பிரிட்ஜ் மிஷனின் சார்பில் தில்லிக்கு வந்து செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் கற்பித்தவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ். பிகார் நிலநடுக்கத்தைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதி, 1935-இல் வெளியிட்டார். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல் தோழர்களுடன் வந்து பிகார் கிராமங்களின் மறுகட்டுமானத்தில் உழைத்தார். ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணிகளின் காலம் அது. ஆண்ட்ரூஸும் செரசோலும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர்கள். ஆயினும் அவர்கள் காந்தியின் நண்பர்களாகவே நினைவுகூரப்படுகின்றனர். மதமாற்றக் குற்றச்சாட்டு அவர்கள் பெயருடன் ஒட்டவில்லை. நம்பிக்கை உந்துதலாக இருந்தது. உதவிக்கு விலையாக இருக்கவில்லை.

புஜ் முதல் கோர்க்கா வரை

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியைத் தாக்கிய 7.7 அளவிலான நிலநடுக்கத்தில், அரசுக் கணக்குப்படி 13,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிராமங்களைத் தத்தெடுத்து மறுகட்டுமானம் செய்யத் தொண்டு நிறுவனங்களை மாநில அரசு அழைத்தது. இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ அமைப்புகள் அனைத்தும் களமிறங்கின. மாநிலத்தின் டாங்ஸ் மாவட்டத்தில் 1998 இறுதியில் கிறிஸ்தவ வழிபாட்டிடங்கள் தாக்கப்பட்ட நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. திருச்சபைகளின் நிவாரணம் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டதில் வியப்பில்லை. அதே வேளையில், நிவாரண விநியோகத்திலும் முகாம்களிலும் சாதிப் பாகுபாடு நிலவியதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. மதமாற்ற அச்சம் தலைப்புச் செய்தியாகும்போது, சாதியின் பெயரால் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுபவரின் துயரம் எளிதில் மறைந்துபோகிறது.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தை மையமாகக் கொண்ட 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். அதன் அதிர்வில் தில்லி மெட்ரோ ரயில்களும் சிறிது நேரம் நிறுத்தப்பட்டன. உணவுக்குப் பதிலாக பைபிள்கள் அனுப்பப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு அப்போது இந்தியச் சமூக ஊடகங்களில் பரவியது. பேரிடரில் ஆன்மாக்களைத் தேடி வட்டமிடும் கழுகுகள் என்று மிஷனரிகளைச் சாடும் சொல்லாட்சி பெரும் வீச்சுடன் பகிரப்பட்டது. சர்ச்சையின் இரைச்சலில் ஓர் உண்மை அதிகம் பேசப்படவில்லை. நேபாளத்தில் சனிக்கிழமையே வார விடுமுறை. எனவே தேவாலய வழிபாடும் அன்றுதான் நடக்கும். நிலநடுக்கம் தாக்கியது சனிக்கிழமை நண்பகல். வழிபாட்டில் இருந்தபடியே இடிபாடுகளில் சிக்கி மாண்ட கிறிஸ்தவர்கள் பலர். நிவாரணம் அளிக்கச் சென்றவர்களாக மட்டுமே பேசப்பட்ட சமூகம், நிவாரணம் தேவைப்பட்ட சமூகமாகவும் இருந்தது.

அதன் பின்னர் என்ன நிகழ்ந்தது? 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நேபாள அரசமைப்பு, பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்தது. 2018 ஆகஸ்டில் அமலான புதிய குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்களின் பங்கு 2011-இல் 1.4 சதவீதம், 2021-இல் 1.76 சதவீதம். இந்த உயர்வை நிலநடுக்க நிவாரணத்தின் விளைவு என்று கூறச் சான்றில்லை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளிலும் அவ்வெண்ணிக்கை உயர்ந்தே வந்தது. அதே வேளையில், இப்புள்ளிவிவரத்தைக் கொண்டு எந்த முகாமிலும் அழுத்தம் நிகழவில்லை என்று கூறவும் முடியாது. தேசிய சராசரி ஒரு முகாமின் கதையைச் சொல்லாது.

தவறு நிகழ்ந்த இடம்: குழந்தைகள்

மிஷனரி நிவாரணத்தின் மீதான விமர்சனம் முழுவதும் காழ்ப்பு அல்ல. அது நியாயமானது என்று உறுதியாகக் கூறத்தக்க நிகழ்வுகள் உண்டு. அவற்றுள் முக்கியமான இரண்டு, குழந்தைகளைப் பற்றியவை.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சிதைத்தன. அங்கு ஆதரவிழந்த 300 முஸ்லிம் குழந்தைகளை ஜகார்த்தாவில் கிறிஸ்தவ இல்லம் ஒன்றில் வளர்க்கப் போவதாக அமெரிக்க அமைப்பு ஒன்று அறிவித்து நிதி திரட்டியது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டியில் நிகழ்ந்தது இன்னும் மோசமானது. உரிய ஆவணங்களின்றி 33 குழந்தைகளை எல்லை கடந்து டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு செல்ல முயன்ற அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவினர் பத்துப் பேர் கைது செய்யப்பட்டனர். அக்குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தது பின்னர் தெரியவந்தது. நல்லெண்ணம் என்ற ஒற்றைச் சொல்லால் இதை நியாயப்படுத்த இயலாது.

நாகப்பட்டினம் காட்டிய வழி

அதே ஆழிப்பேரலை தமிழகத்தில் சுமார் 8,000 உயிர்களைப் பறித்தது. அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த இடங்களில் மாண்டவர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணி வந்திருந்த யாத்ரீகர்களும் அலையில் சிக்கினர். உலகெங்குமிருந்து தொண்டு நிறுவனங்கள் அக்கடற்கரையில் குவிந்தன. பெற்றோரை இழந்த குழந்தைகளை எவரும் தம் விருப்பப்படி அழைத்துச் செல்ல இடமளிக்காமல், அரசே நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் இல்லங்களைத் திறந்தது. வீடு கட்ட முன்வந்த நிறுவனங்கள் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டே பணியாற்றின. நாகப்பட்டினத்தில் மீனவர் அமைப்புகளின் கூட்டமைப்பும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நடத்தின. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார் என்பது அதன்வழி பொதுவெளிக்கு வந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கு கடைப்பிடிக்கப்பட்ட அணுகுமுறை தெளிவானது: அமைப்பின் மதத்தை அரசு விசாரிக்கவில்லை, குழந்தை, நிலம், பயனாளிகள் பட்டியல் ஆகிய மூன்றையும் தன் பார்வையில் வைத்துக்கொண்டது. சந்தேகத்துக்கும் தொண்டுக்கும் இடையே நின்றது நிர்வாகமே.

சட்டம் என்ன சொல்கிறது

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்பதை அப்பிரிவு கூறவில்லை. மத நம்பிக்கையைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூண்டுதலாலோ கட்டாயத்தாலோ மதமாற்றத்தில் ஈடுபட்டதற்காக வழக்குக்கு உள்ளானவர்கள் வெளிநாட்டு நன்கொடை பெறப் பதிவு பெற முடியாது என வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது.

செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகள் இன்னும் தெளிவானவை. தேவை ஒன்றே அளவுகோல். எந்த அரசியல் அல்லது மத நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன அவை. இவ்விதிகளை முன்னின்று உருவாக்கியவற்றுள் காரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. எல்லைக்கோட்டின் தேவையைத் திருச்சபைகளே ஏற்றுக்கொண்டுள்ளன என்பதே இதன் பொருள்.

ஆனால் நடைமுறையில் அரசின் கவனம் களத்தைவிட நிதி வழிகளிலேயே குவிந்துள்ளது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை பெறும் ஓர் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இத்திருத்தங்களை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதி செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் விஷன் இந்தியா, தில்லியைச் சேர்ந்த காசா ஆகியவற்றின் பதிவுகள் 2024-இல் விதிமீறல்களைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டன. பிரிவினையின்போது தலைநகருக்கு வந்த அகதிகளுக்கு உதவவே 1947-இல் காசா தொடங்கப்பட்டது.

பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று கேட்க அரசுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. பேரிடரின்போது பெரிய அமைப்புகள் நிதியைத் திரட்டும். கிராமத்தையும் தெருவையும் அறிந்த சிறிய அமைப்புகள் அதைச் சேர்க்கும். அந்தச் சங்கிலி வெளிநாட்டு நிதியைப் பொறுத்தவரை அறுபட்டுவிட்டது. அதே வேளையில், உள்நாட்டுப் பணத்தில் இயங்கும் எந்த மதத்தின் அமைப்பும் முகாமுக்குள் என்ன செய்கிறது என்பதை நன்கொடைச் சட்டம் பார்ப்பதே இல்லை. நிபந்தனையோடு வரும் உதவிக்குப் பணம் தில்லியிலிருந்து வந்தால் என்ன, வாஷிங்டனிலிருந்து வந்தால் என்ன?

வேண்டியது மூன்று

முதலாவதாக, பேரிடரில் தனித்துவிடப்பட்ட குழந்தை எந்த அமைப்பின் பொறுப்பிலும் நேரடியாகச் செல்லக் கூடாது; குழந்தைகள் நலக் குழுவின் வழியாகவே செல்ல வேண்டும். சட்டம் ஏற்கெனவே இதைக் கூறுகிறது. பேரிடரின் முதல் வாரக் குழப்பத்திலும் அதை நடைமுறைப்படுத்தும் ஆயத்தம் வேண்டும்.

இரண்டாவதாக, எந்த அமைப்பு எங்கே யாருக்கு வழங்குகிறது என்ற விவரம் மாவட்ட அளவில் பொதுவெளியில் இருக்க வேண்டும். பெறுபவர் மறுக்கவும் புகார் அளிக்கவும் எளிய வழி வேண்டும்.

மூன்றாவதாக, நிவாரணம் வழங்கும் இடமும் நேரமும் வழிபாட்டிலிருந்தும் பிரசாரத்திலிருந்தும் விலகியிருக்க வேண்டும். இது திருச்சபைக்கு மட்டுமன்றி, கோயிலுக்கும் மசூதிக்கும் குருத்வாராவுக்கும் அரசியல் கட்சிக்கும் பொருந்த வேண்டும். ஒரு மதத்துக்கு மட்டும் விதிக்கப்படும் விதி, பாதிக்கப்பட்டவரைக் காக்காது. அது அந்த மதத்தைக் குறிவைக்கும் கருவியாகவே முடியும்.

2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாநிலத் தலைநகரங்களுக்கும் பெருநகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அமைக்கலாம். தில்லியும் சண்டிகரும் அதில் விலக்கப்பட்டுள்ளன. எனவே தலைநகரில் இப்பொறுப்பு தற்போதுள்ள ஆணையத்தின் மீதும் மாவட்ட நிர்வாகங்களின் மீதும்தான் விழுகிறது.

கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய தாழ்வான குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, இன்று 4,600-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. நாட்டின் எல்லா மொழியினரும் மதத்தினரும் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்து வாழ்கின்றனர். அருகிலுள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்குகிறது. இங்கே பூமி பலமாக அதிர்ந்தால், இடிபாட்டுக்குள் நீளும் முதல் கை பக்கத்து வீட்டுக்காரருடையதாகவே இருக்கும். அந்தக் கையின் மதத்தை அப்போது எவரும் கேட்கப்போவதில்லை. அதற்கடுத்த வாரங்களில் வரும் கைகளையும் அதே நம்பிக்கையுடன் பற்றிக்கொள்ளும் சூழலை உருவாக்குவது அரசின் கடமை. அதை நிலம் அமைதியாக இருக்கும்போதுதான் செய்ய முடியும்.